அத்தான் கழற்றிவிட்டுப் போன எஞ்சின்

கிளிநொச்சியில் நான் காரைக் கொண்டுபோய்க் காட்டும் கராஜ்காரர் அதிகம் கதைக்காதவர். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "ரீச்சர், மாரிக்கு முன்னம் ரைமிங் பெல்ட்டை மாத்திப்போடுங்கோ. காலமை விட்டால் பின்னேரம் எடுக்கலாம்" என்றார். ஆவணி விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியதும் கொண்டுபோய் விடுவதாக இருந்தேன். பூட்டிய கிழமையே கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம். அதற்கு வந்தவர்கள், கல்யாணம் முடியும்வரை ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அத்தான் வந்த அன்றே எங்கள் கிணறு வெட்டிய இடம் பிழை என்று கண்டுபிடித்தார். மறுநாள் கூரையின் சாய்வு பிழை. அதற்கடுத்து என் கணவர் வயலுக்கு உரம் போடும் விதமும் பிழையாகிப்போனது. அத்தானுடைய கையில் இதுவரை ஒரு மண்வெட்டியை யாரும் கண்டதில்லை. ஆனாலும் என் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அகராதியில் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குச் சொல்லவென்று வேறு சொல் கிடையாது.

காரைக் கராஜுக்குக் கொண்டுபோகப்போகிறேன் என்று நான் சாப்பாட்டு மேசையில் சொன்னதுதான் தாமதம்.

"என்னத்துக்குப் பிள்ளை கராஜ்? உவங்கள் பழைய பெல்ட்டைத் துடைச்சுப் பூட்டிப்போட்டுப் புதுசெண்டு சொல்லுவாங்கள். நாங்கள் அங்க எல்லாம் எங்கட கையாலதான் செய்யிறது. உது ஒரு அரைநாள் வேலை."

"வேண்டாம் அத்தான். கல்யாணத்துக்கு அந்தக் காரிலதான் போகவேணும்."

"அதுக்குத்தான் சொல்லுறன். போற வழியில ஆனையிறவில அறுந்தால் என்ன செய்வியள்? உப்பளத்துக்குள்ள இறங்கி நடக்கிறதோ?"

என் கணவர் சொன்னார், "ஓம் அண்ணை."

கார் என்னுடையது. வெள்ளை நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் கார். நான் பாடம் எடுக்கப் போவதும், மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அதில்தான். அதன் வயிற்றைக் கிழிப்பது பற்றி இரண்டு ஆம்பிளைகள் சோற்றுக் கையோடு முடிவெடுத்துவிட்டார்கள்.

அது என்ன பெல்ட் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் கீழே ஒரு தண்டு சுழலும், மேலே ஒரு தண்டு சுழலும். இரண்டையும் பிசகாமல் ஒன்றாகச் சுழல வைப்பது பல்லுகள் வைத்த ஒரு றப்பர் பட்டி. அதுதான் ரைமிங் பெல்ட். அறுந்தால் கார் நடுறோட்டில் நின்றுவிடும். ஒரு பல்லு மாறிப் பூட்டினாலும் எஞ்சின் இருமும், நடுங்கும். சில எஞ்சின்களில் உள்ளே இருக்கும் வால்வுகள் வளைந்து எல்லாமே நாசமாகிவிடும். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அத்தான் அப்போதும் படிக்கவில்லை, பிறகும் படிக்கவில்லை.

பெல்ட் வாங்க வவுனியாவுக்குப் போன் எடுத்தார். காரின் பெயரைச் சொன்னார், ஆண்டைச் சொன்னார். எஞ்சின் இலக்கம் என்னவென்று கடைக்காரர் கேட்டிருக்கவேண்டும். "உதெல்லாம் எதுக்கு? சொன்னதைத் தாரும்" என்று அதட்டினார். என் கணவர் பஸ்ஸில் போய் வாங்கி வந்தார்.

மறுநாள் காலை அத்தான் கார் நிற்கும் ஒத்தாப்புக்குள் இறங்கிய கோலத்தை நான் மறக்கமாட்டேன். அரைக்களிசான், இரண்டு கைக்கும் நீல உறை, பட்டப்பகலில் நெற்றியில் ஒரு லைற். சூட்கேசுக்குள் அந்த லைற்றைக் கட்டிக்கொண்டு வந்தவர், ஒரு ஸ்பானரைக் கொண்டுவரவில்லை. அதுகளை ரவுணில் வாங்கினோம். போனில் ஓடிய வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் கழற்றுவது வேறொரு கார். நான் அதைச் சொன்னேன்.

"எஞ்சின் எண்டால் எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. நீங்கள் போய்ப் பிளேன்ரீ ஒண்டு போடுங்கோ."

முன்சில்லைக் கழற்றினார். எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து ஜக்கால் முட்டுக் கொடுத்தார். மூடிகளையும் தாங்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி, போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டார். நீளமானது, கட்டையானது எல்லாம் ஒன்றாக. "எது எதிலயிருந்து வந்ததெண்டு ஒரு கடதாசியில சுத்தி வைப்பமே அத்தான்" என்றேன். அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கான கூலியை நான் பிற்பாடு அவரிடம் வட்டியோடு வாங்கினேன்.

சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. றோட்டுக் கிரவல் புழுதி முழுக்கத் திறந்த எஞ்சினுக்குள் போனது. மறைப்பாகத் தறப்பாளைக் கட்டச் சொன்னேன். காற்று நல்லதாம், எண்ணெய் காயுமாம்.

எஞ்சினின் அடியில் இருக்கும் பெரிய சில்லைப் பிடித்திருந்த போல்ட்டில் எல்லாம் வந்து நின்றது. அந்த வெள்ளைக்காரனுக்கு அது ஒரு முறுக்கில் வந்தது. எங்கள் போல்ட் ஜப்பானில் பூட்டிய நாளிலிருந்து தியானத்தில் இருந்தது. அத்தான் தொங்கினார். என் கணவர் தொங்கினார். இருவரும் சேர்ந்து தொங்கியபோது காரே அசைந்தது, போல்ட் அசையவில்லை.

இந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வளவுக்காரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவரிடம் வயலும் ஒரு லாண்ட்மாஸ்ரரும் உண்டு. கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் அந்த இருசில்லு உழவு மெசினுக்கு அவர் செய்யும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்.

"மண்ணெண்ணெய் ஊத்தி வைங்க டீச்சர். தன்னால வந்துடும்."

ஊற்றினோம். வரவில்லை. "அப்ப சூடு காட்டுங்க" என்றார்.

"மண்ணெண்ணெய் ஊத்தின இடத்தில நெருப்பு வைக்கிறதோ?" என்று கேட்டேன்.

"அட, ஆமாங்க" என்று யோசித்தார். அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று பின்னேரத்துக்குள் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். வேலையில்லாத ஆம்பிளைகளுக்குத் திறந்த பொனற் கோவில் திருவிழா மாதிரி. ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்த்து, ஆளுக்கொரு குழாயைத் தொட்டு, ஆளுக்கொரு நோயைச் சொன்னார்கள். ஒருவர் பற்றரி பிழை என்றார். கார் பழுதில்லை, நாங்களாகத்தான் கழற்றினோம் என்று நான் விளங்கப்படுத்தினேன். "அதுதான் பாருங்கோ, பற்றரியையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார். இவர்கள் எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றியது நான்.

கடைசியில் போல்ட்டைக் கழற்றியது கிடங்கு தோண்டும் இரும்பு அலவாங்கு. ஸ்பானரின் பிடியை அலவாங்கோடு சேர்த்துக் கட்டி, அதை நிலத்தில் முட்டுக்கொடுத்து, ஸ்ராட்டரை ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் தன் பலத்தாலேயே போல்ட்டைத் தளர்த்துமாம். அதுவும் அந்த வெள்ளைக்காரன் சொன்னதுதான். திறப்பைத் திருப்பியது என் கணவர். டமார் என்று ஒரு சத்தம். அலவாங்கு எகிறி, நான் மீன் கழுவ வைத்திருந்த மண்சட்டியைச் சுக்குநூறாக்கிவிட்டு வேலியில் போய் விழுந்தது. யாருடைய கணுக்காலும் போகாதது அவர்களுடைய கெட்டித்தனத்தால் அல்ல. போல்ட் தளர்ந்திருந்தது. அத்தான் உடனே கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்து எவருக்கோ அதைக் காட்டினார். மண்சட்டியைக் காட்டவில்லை.

அந்த மகிழ்ச்சியோடேயே பழைய பெல்ட்டையும் இழுத்துக் கழற்றினார். மேலே இருந்த பல்லுச் சில்லு "டக்" என்று துள்ளித் திரும்பியது.

"அத்தான், குறி வைச்சனீங்களோ?"

"என்ன குறி?"

போனில் அந்த வெள்ளைக்காரன் பெல்ட்டைத் தொடமுன்னம் மேற்சில்லையும் கீழ்ச்சில்லையும் அவற்றுக்குரிய அடையாளத்தில் கொண்டுவந்து நிறுத்தி, வெள்ளைப் பெயின்ற்றால் கோடு போட்டிருந்தான். குசினிக்கும் ஒத்தாப்புக்கும் நடந்த நடையில் நானே அதைப் பார்த்திருந்தேன். அத்தான் அந்த இடத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

"அது ஒண்டுமில்லைப் பிள்ளை. பிறகு பாப்பம்."

புதுப் பெல்ட்டை எடுத்தார். மேலே போட்டால் கீழே எட்டவில்லை. கீழே போட்டால் மேலே எட்டவில்லை. பழையதையும் புதியதையும் நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும், புதியது கட்டை. அத்தான் நிமிர்ந்து, "பாத்தியளோ, இஞ்சத்தைக் கடைக்காரங்கள்!" என்றார். கதிரையில் இருந்தவர்கள் எல்லோரும் வவுனியாக் கடைக்காரரைத் திட்டினார்கள். எஞ்சின் இலக்கம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் அந்த வேலை நகரவில்லை. கடையில் சரியான பெல்ட் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டும் என்றார்கள். அத்தான் நெற்றி லைற்றைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி எங்கள் கிணற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

கல்யாணத்தன்று விடிய வெள்ளென ஒரு வாகனமும் கிடைக்கவில்லை. கூப்பிட்ட ஓட்டோ வரவில்லை, முதல் பஸ் போய்விட்டது. பக்கத்து வளவுக்காரர் லாண்ட்மாஸ்ரரில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் முதல்நாள் ஏற்றிய எருவின் மணம். சாக்கை விரித்து, கூறைச்சேலை மாதிரிக் கனத்த பட்டுச்சேலையோடு அக்காவை மூன்று பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். அத்தான் கோட் போட்டிருந்தார். யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்கக் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது. எங்கள் தலை, புருவம், அத்தானின் கோட் எல்லாம் ஒரே செம்மண் நிறம். வழியில் அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலம்தான் அந்த விடுமுறையிலேயே எனக்குக் கிடைத்த நிம்மதி.

ஆனால் கல்யாண மண்டபத்தில் ஆள் மறுபடி உயிர்த்துவிட்டார். நான் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன், பின்னால் அவருடைய குரல் கேட்கிறது. "மச்சாளின்ர காரை முழுக்க ஓவர்ஹோல் செய்துகொண்டிருக்கிறன். பாட்ஸ்தான் பிரச்சினை. அங்கயெண்டால் ஒரு மணித்தியாலத்தில வீட்டு வாசலில வந்து நிக்கும்." கேட்டுக்கொண்டிருந்தவர் பெரிய மரியாதையோடு தலையாட்டினார். நான் தட்டை நீட்டாமல் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வடையைப் போடவந்தவர், "என்ன ரீச்சர், சுகமில்லையோ?" என்று கேட்டார்.

சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"அத்தான் அங்க உண்மையிலயே கார் வேலை செய்யிறவரோ?"

அக்கா குழாயைப் பூட்டிவிட்டுக் கைகளைத் துடைத்தா. "எங்க? வைப்பருக்குத் தண்ணி ஊத்தக்கூடக் கராஜுக்குத்தான் கொண்டுபோவார்."

"பிறகேன் இஞ்ச வந்து..."

"அங்க இவர் வாயைத் திறந்தால் பிள்ளையள் சிரிக்குங்கள். மூத்தவன் முகத்துக்கு நேரயே, 'அப்பா, உங்களுக்கு ஒண்டும் தெரியாது' எண்டு இங்கிலீசில சொல்லுவான். வேலையிலயும் சொல்லுறதைக் கேட்டுச் செய்யிற வேலைதான். இஞ்ச உன்ர மனுசன் ஒருத்தர்தான் இவருக்கு ஓம் சொல்லுறது. கொஞ்ச நாள் தானேடி."

எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மகனின் வயதில் நான் வகுப்பில் எத்தனை பேரைப் பார்க்கிறேன், அவர்கள் சிரித்தால் நான் வீட்டுக்குப் போய் எவருடைய எஞ்சினையும் கழற்றுவதில்லை.

"பெரிய ஆளாகிறதுக்கு அவருக்கு என்ர காரோ கிடைச்சது அக்கா?" என்று கேட்டேன். அக்காவுக்கும் தலையில் இன்னும் செம்மண் இருந்தது.

அவர்களைக் கொழும்புக்கு ஏற்றிப்போக வான் வந்த அன்று, ஏறமுன்னம் அத்தான் ஒத்தாப்பை எட்டிப் பார்த்தார். "பெல்ட் வந்தவுடன போட்டு இறுக்கவேண்டியதுதான் தம்பி. பெரிய வேலை எல்லாம் முடிஞ்சுது" என்று என் கணவரிடம் சொன்னார். "ஓம் அண்ணை" என்றார் இவர். வான் போய்விட்டது. எஞ்சினின் பாதி ஒத்தாப்பில், மீதி பால்மாப் பேணியில். ஒரு கோழி முன்சீற்றில் முட்டை இட்டிருந்தது.

கராஜ்காரருக்குப் போன் எடுத்தேன். "வேற ஆள் கைவைச்சதோ? அப்ப கட்டி இழுத்துக்கொண்டு வாங்கோ. ஆனால் எப்ப முடியுமெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். நியாயம்தான். ஆனாலும் போனை வைத்ததும் எனக்குள் ஒரு வீம்பு வந்தது. அத்தான் மாதிரி ஒரு மனிசன் பாதி செய்யக்கூடிய வேலையின் மறுபாதியை என்னால் செய்ய முடியாதா என்ன?

என் கணவர் கேட்டார், "உமக்கு உது தெரியுமோ?"

"அவருக்குத் தெரியுமோ எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?"

அவர் வயலுக்குப் போய்விட்டார்.

சரியான எஞ்சின் இலக்கத்தைத் தேடி, அதற்கென்றே உள்ள கையேட்டை இணையத்தில் எடுத்தேன். ஆறுதலான ஒரு செய்தி இருந்தது: இந்த எஞ்சினில் பெல்ட் இல்லாமல் சில்லுகள் திரும்பினாலும் வால்வுகள் மோதாது. அதாவது அத்தான் செய்த அத்தனை கோணங்கித்தனத்தையும் தாங்கும்படிதான் எவனோ அதைச் செய்திருந்தான். ஆனால் அதே புண்ணியவான் கீழே உள்ள குறியை ஆள் பார்க்க முடியாத இடத்தில் வைத்திருந்தான். காருக்கும் சுவருக்கும் நடுவில் படுத்து, கண்ணாடித் துண்டைப் பிடித்தால்தான் தெரியும். அவன் வாழ்நாளில் ஒருதரம்கூட நிலத்தில் படுத்து ஒரு போல்ட்டைக் கழற்றியிருக்கமாட்டான்.

புழுதியைத் துடைக்கவே ஒரு நாள் போனது. கொழும்பிலிருந்து வந்த பெல்ட்டைப் பழையதோடு அளந்து பார்த்த பிறகுதான் உறையை எறிந்தேன். மேற்சில்லைக் குறியில் நிறுத்தினேன், கீழ்ச்சில்லைக் குறியில் நிறுத்தினேன். பெல்ட்டைப் போட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் சின்னச் சில்லை விட்டதும் மேற்சில்லு ஒரு பல்லு நகர்ந்தது. கழற்றினேன். மறுபடி போட்டேன். மறுபடி நகர்ந்தது. பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டி, "கொஞ்சமா மண்ணெண்ணெய்..." என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் தலை கீழே போய்விட்டது.

இந்தமுறை சரி என்று நம்பி, எல்லாவற்றையும் பூட்டி, திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. பிடித்து, வாதம் வந்த ஆள் மாதிரி நடுங்கியது. ஒரு பல்லு. ஒரேயொரு பல்லுப் பிழை. நான் ஸ்பானரை நிலத்தில் எறிந்துவிட்டு, வகுப்பில் யாராவது சொன்னால் வாயில் சவர்க்காரம் போடவேண்டிய ஒரு சொல்லைச் சொன்னேன். அந்த நேரம் வயலால் வந்த என் கணவர் படலையடியில் அப்படியே நின்றார். பிறகு சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, "எதைப் பிடிக்க?" என்றார்.

"மேற்சில்லை. நான் விடச் சொல்லும் வரைக்கும் விடாதேங்கோ."

விடவில்லை. முழங்கை நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தமுறை பெல்ட் நகரவில்லை. எஞ்சினைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், குறிகள் நேராக வந்து நின்றன. பேணியில் இருந்த போல்ட்டுகளில் எது எதற்கென்று பொருத்திப் பொருத்தி, கடைசியில் இரண்டு மிஞ்சின. அவை எங்கே உரியவை என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கார் ஓடுகிறது. சத்தம்கூடப் பழையதைவிடக் குறைவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் போன் எடுத்தார். அக்கா சொல்லியிருப்பா.

"பாத்தியோ பிள்ளை! நான் சொன்னனான் தானே, சின்ன வேலையெண்டு."

வழக்கமாக நான் அப்படியா என்று விட்டுவிடுகிறவள். அன்று கையில் ஸ்பானர் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

"அத்தான், நீங்கள் காரை உடைச்சுப்போட்டுப் போனனீங்கள். குறி வைக்கேல்லை, பெல்ட் பிழை, போல்ட் எல்லாம் கலந்து கிடந்தது. நானும் உங்கட தம்பியும்தான் பூட்டினனாங்கள். இனி என்ர காரில கைவைக்காதேங்கோ."

அத்தான், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "அந்தக் குறி எங்க இருந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். கண்ணாடித் துண்டைப் பற்றியும் சொன்னேன். இடையில் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "நான் கீழ பாக்கவேயில்லை" என்றார்.

"ஓம்" என்றேன், "நீங்கள் பாக்கேல்லை." அதற்கு மேல் ஆறுதலாக ஒன்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.